குதுரேமுக் மலை முதல் கோகர்ணம் கடற்கரை வரை தனியாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தில் குதுரேமுக் சிகரம் ஏறி, மலைச்சாலை வழியே உடுப்பிக்கு இறங்கி, கடலோரமாக வடக்கே ஓட்டிப்போய், கும்டாவிலிருந்து கோகர்ணம் வரை கடற்கரையில் நடக்கும் பயணம் இது. ஒரு வண்டி, ஒரே ஆள். தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்கிற மாதிரியே தொகுத்திருக்கிறோம்.

மொத்தம் எத்தனை நாள் வேணும்? எவ்வளவு தூரம் ஓட்டணும்?

பெங்களூரிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பினால் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். சென்னைக்காரர்கள் போக 350, வர 350 சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து 7 நாள், சென்னையிலிருந்து 9 நாள் வைத்தால் நிம்மதியாகப் போய்வரலாம்.

முதல் நாள் ஹாசன், பேலூர், மூடிகெரே, கொட்டிகெஹாரா வழியாக மலைக்குப் பக்கத்து ஊரான களசா. இரண்டாம் நாள் மலை. மூன்றாம் நாள் உடுப்பி வரை 100 கிலோமீட்டர் மட்டும். நான்காம் நாள் தேசிய நெடுஞ்சாலை 66-இல் சுமார் 180 கிலோமீட்டர் ஓட்டிக் கோகர்ணம். ஐந்தாம், ஆறாம் நாள் கடற்கரை நடை. ஏழாம் நாள் திரும்புதல். மூன்றாம் நாளின் தூரம் குறைவாக இருக்கிறதே என்று அதில் இன்னொரு ஊரைத் திணிப்பவர்கள் உண்டு. வேண்டாம். முந்தைய நாள் 20 கிலோமீட்டர் மலை நடந்த கால் அன்றைக்குத்தான் வலிக்கும். கிளட்ச் மிதிக்கவும் அதே கால்தான் வேண்டும்.

முதல்ல கடல், அப்புறம் மலைன்னு போகக்கூடாதா?

போகலாம், ஆனால் மலையை முன்னால் வைப்பதே சரி. மலைக்கு அனுமதி ஒரு குறிப்பிட்ட தேதிக்குத்தான் கிடைக்கும். அந்தத் தேதிக்கு முன் உள்ள நாட்களில் வண்டி பழுதானாலோ காய்ச்சல் வந்தாலோ அனுமதி வீண். கடற்கரை நடையை ஒரு நாள் தள்ளிப்போட்டால் எதுவும் கெடாது. களைப்பு இல்லாத காலோடு மலை ஏறுவதும், களைத்த காலோடு சமதளக் கடற்கரையில் நடப்பதும் உடம்புக்கும் பொருந்தும்.

எந்த மாசம் போகலாம்?

அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி முடிய. அக்டோபரில் புல்வெளி இன்னும் பச்சையாக இருக்கும், ஓடைகளில் தண்ணீர் ஓடும். ஆனால் பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு உண்டு. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவு, புல் காய்ந்து பொன்னிறமாகிவிடும்.

பிப்ரவரி முதல் மே வரை காட்டுத்தீப் பருவம் என்பதால் வனத்துறை மலைப்பாதைகளை வழக்கமாக மூடிவிடும். திறந்திருந்தாலும் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் 20 பேருக்கு மேல் தீயில் இறந்ததை மறக்கக்கூடாது. காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடும் வேகத்தைவிட விரைவாக ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை அழகின் உச்சத்தில் இருக்கும், கடல் கொந்தளிக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்ய அது காலமல்ல.

அனுமதி எங்க வாங்கறது? நேர்ல போய் வாங்கிக்கலாமா?

நேரில் போய் நிற்கும் வழியை நம்பாதீர்கள். கர்நாடக வனத்துறையின் 'அரண்ய விஹாரா' இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். தனியாகப் போகிறவருக்கு உள்ள பெரிய வசதியே யாருடைய விடுமுறைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதுதான். செவ்வாய் அல்லது புதன் எடுங்கள், பாதையில் நெரிசல் இருக்காது.

பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையை அசலாகக் கொண்டுபோங்கள். அனுமதிச் சீட்டை அச்செடுத்து வையுங்கள். சோதனைச்சாவடியில் கைபேசி சிக்னலை நம்பி நிற்க முடியாது. பிளாஸ்டிக் பைகளையும் ஒருமுறை பயன்படுத்தும் புட்டிகளையும் சோதனை செய்து எடுத்துவிடுவார்கள்.

தனியா விடுவாங்களா? வழிகாட்டி கட்டாயமா?

பதிவு ஒருவர் பெயரில் செய்யலாம். வழிகாட்டி விஷயத்தைத் தங்கப்போகும் ஹோம்ஸ்டேக்காரரிடம் குறைந்தது 3 நாள் முன்பே பேசிவிடுங்கள். களசா, சம்சே, மலை நடை தொடங்கும் முள்ளோடி ஆகிய ஊர்ப் பக்கம் உள்ளவர்கள் அதே தேதியில் போகும் இரண்டு மூன்று பேருடன் உங்களைச் சேர்த்துவிடுவார்கள், கட்டணமும் பங்காகும். வழிகாட்டி வேண்டாம் என்று விதி தளர்ந்திருந்தாலும் இந்த மலையில் வைத்துக்கொள்ளவே சொல்வோம். பனி இறங்கினால் புல்வெளியில் எல்லா ஒற்றையடிப் பாதையும் ஒன்றுபோலவே தெரியும். காட்டுமாடு நடந்த தடம் மனிதத் தடத்தைவிட அகலமாகவே இருக்கும்.

காரா, பைக்கா? ஸ்கூட்டர்ல போனா என்ன?

காரோ பைக்கோ எதுவும் சரி. முள்ளோடிக்கு முன்னுள்ள கடைசிச் சில கிலோமீட்டர் கல்லும் பள்ளமுமான மண்பாதை. அதற்குச் சொந்த வண்டியை இறக்காதீர்கள். கீழே நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் போங்கள். தனியாள் முழு ஜீப் எடுத்தால் செலவு அதிகம். காலையில் கிளம்பும் ஜீப்பில் இடம் கேட்டு ஏறிக்கொள்ளுங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு வேகம் குறைந்தால் உள்ளேயிருக்கும் கிளட்ச் விடுபட்டு, எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழு பாரமும் பிரேக்கில் விழும். 10 கிலோமீட்டர் இறக்கம் அப்படியே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிமானம் போய்விடும். ஸ்கூட்டர்தான் இருக்கிறது என்றால் விட்டு விட்டுப் பிரேக் பிடித்து, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள்.

மலைச்சாலையில ஓட்டிப் பழக்கமில்ல. எதுல தப்பு நடக்கும்?

பெரும்பாலும் இறக்கத்தில். ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பொதுவாக இரண்டாவது. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் திருப்பத்துக்கு முன் மட்டும் தொட்டால் போதும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை மலையில் விட்டுவிடுங்கள். பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான டிஸ்க் கோணிப்போகும்.

கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவதுதான் முறை. பனி மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம் போதும். களசாவைத் தாண்டினால் காடு. டேங்கைக் களசாவிலேயே நிரப்பிவிடுங்கள். குதுரேமுக் தேசியப் பூங்காவுக்குள் சாலையோரம் நிறுத்திச் சமைப்பது, அருவியில் இறங்குவது எல்லாம் விதிமீறல்.

ராத்திரி ஓட்டி நேரத்தை மிச்சம் பண்ணலாமா?

கூடாது. கோவை, ஈரோடு பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதில் சட்டமே குறுக்கே நிற்கும். பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் வழியிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஊட்டி வழியாக வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

தடை இல்லாத சாலையிலும் மாலை 6 மணிக்குத் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும் என்று திட்டமிடுங்கள். இருவர் போனால் ஒருவர் கண் அசரும்போது மற்றவர் பேச்சுக் கொடுப்பார். தனியாளுக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி 10 நிமிடம் நடப்பதுதான் மாற்று. கொட்டாவி மூன்றாம் முறை வந்தால் நிறுத்தித் தூங்குங்கள்.

மலைக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

தண்ணீர் 3 லிட்டர். கீழ்ப்பாதியில் ஓடைகள் வரும். மேற்புறப் புல்வெளியில் நிழலும் இல்லை, டிசம்பருக்குப் பிறகு தண்ணீரும் நிச்சயமில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 2, ஒன்றை 1 லிட்டரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம் அரை டம்ளரில் என்று கண்ணளவில் போடாதீர்கள். உப்பு அதிகமானால் தாகம் கூடும். அவல், கடலைமிட்டாய், பேரீச்சை, வேகவைத்த முட்டை நன்றாகத் தாங்கும். காலையில் களசாவில் நீர்தோசையோ பன்ஸோ சாப்பிட்டுக் கிளம்பினால் 10 மணி வரை பசிக்காது.

மழைச்சட்டை, தலைவிளக்கு, விசில், கிரேப் பேண்டேஜ், ஒட்டுப் பிளாஸ்திரி, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனத்து உராயும். காலணி புதிதாக இருக்கக்கூடாது. குறைந்தது 30 கிலோமீட்டர் நடந்து பழகியதாக இருக்கட்டும். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துப்போவது இங்கே அடிக்கடி நடக்கும். குதிகால் எரியத் தொடங்கிய உடனேயே பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

மேல ஏற எத்தனை மணி நேரம் ஆகும்? எப்போ திரும்பணும்?

முள்ளோடியிலிருந்து சிகரம் போய்வர 20 கிலோமீட்டர் அளவு. சிகரம் சுமார் 1,890 மீட்டர் உயரம். நடந்து பழகியவருக்கு ஏற 4 மணி, இறங்க 3 மணி, உட்கார 1 மணி. காலை 7-க்குள் நடக்கத் தொடங்குங்கள்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை எழுதிவையுங்கள்: மதியம் 12. சிகரம் அரை மணி தூரத்தில் தெரிந்தாலும் 12 ஆனால் திரும்பிவிட வேண்டும். கூட்டமாகப் போனால் யாராவது ஒருவர் 'போதும்' என்பார். தனியாளுக்கு அந்தக் குரல் கடிகாரம் மட்டும்தான். மேலே போய் யோசித்து முடிவெடுக்கலாம் என்று வைத்தால், களைத்த மூளை எப்போதும் 'இன்னும் கொஞ்சம்' என்றே சொல்லும்.

இடி கேட்டால் முகட்டை விட்டுச் சரிவில் இறங்குங்கள். வழியில் 'ஒண்டி மரா' என்று ஒற்றை மரம் நிற்கும். எல்லாரும் இளைப்பாறும் இடம் அது. இடி நேரத்தில் மட்டும் அதனடியில் ஒதுங்கக்கூடாது. வெட்டவெளியில் தனித்து உயர்ந்த பொருளில்தான் மின்னல் இறங்க வாய்ப்பு அதிகம்.

அட்டை கடிச்சா என்ன பண்றது?

அட்டையால் ஆபத்து இல்லை. பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்பு போட்டாலும் விழும். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்துவதால் சிறிது நேரம் கசியும். கழுவி, அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். முழங்கால் வரை நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை போட்டால் தொல்லையே இல்லை.

குரங்குக் காய்ச்சல்னு சொல்றாங்களே, அது அங்கதானா?

ஆமாம், அட்டையைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும். 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ் காய்ச்சல் இது. சிவமொக்கா, சிக்கமகளூரு, உத்தர கன்னட மாவட்டங்களில் ஆண்டுதோறும் வரும். பரப்புவது உண்ணி. உண்ணிக் குஞ்சுகள் பெருகும் டிசம்பர் முதல் மே வரை அபாயம் அதிகம், அதாவது நீங்கள் போகும் பருவத்தின் பிற்பாதி.

முழுக்கை, முழுக்கால் சட்டை, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுதல், உலர்ந்த சருகில் உட்காராமை. உடலில் பூசும் 'டேபா' எண்ணெயை அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளூர் மக்களுக்குக் கொடுக்கிறார்கள். கிடைக்காவிட்டால் மருந்துக்கடைப் பூச்சிவிரட்டி பூசுங்கள். இறங்கியதும் குளித்து, அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்புறம், காது மடல் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் முனை கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். இறந்த குரங்கைக் கண்டால் அருகே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பின் திடீரென்று கடுங்காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்தால், 'மலைநாட்டுக் காட்டில் நடந்தேன்' என்று மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் டெங்கு என்றே முதலில் நினைப்பார்கள். ஆஸ்பிரின் வகை மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். இரத்தக்கசிவு உண்டாகும் காய்ச்சல் இது.

சிக்னல் கிடைக்குமா? வீட்ல பயப்படறாங்க.

களசா ஊரில் கிடைக்கும், முள்ளோடிக்கு மேல் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்தால் ஃபிளைட் மோடிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும். பைக் ஹாண்டில்பாரில் கைபேசியைப் பூட்டுபவர்கள் அதிர்வு தாங்கும் ரப்பர் உள்ள பிடியை வாங்குங்கள். எஞ்சின் அதிர்வில் கேமரா கெட்டுப்போகும்.

வீட்டாருக்கு 'பத்திரமா இருப்பேன்' என்று சொல்வதைவிட ஒரு தாள் கொடுங்கள். அதில் ஒவ்வொரு நாளும் எந்தப் பாதை, எங்கே தங்கல், ஹோம்ஸ்டே எண், வண்டி எண், எத்தனை மணிக்குள் செய்தி வரும் என்று இருக்கட்டும். மலை நாளுக்கு மாலை 7 என்று வைத்தால், 8-க்கு ஹோம்ஸ்டேக்கு அழைக்க வேண்டும். ஹோம்ஸ்டேக்காரரும் உங்களைப் பார்க்கவில்லை என்றால் 112. இதை அம்மாவிடம் கொடுப்பதைவிடப் பதறாமல் போன் செய்யக்கூடிய ஒருவரிடம் கொடுப்பது நல்லது. நீங்கள் பாதையை மாற்றினால் முதலில் தெரிய வேண்டியவரும் அவரே.

கும்டாவிலேர்ந்து கோகர்ணம் நடந்தா வண்டி எங்க இருக்கும்? திரும்பி நடக்கணுமா?

வண்டியைக் கோகர்ணத்தில் தங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, காலை அரசுப் பேருந்தில் கும்டா போய், அங்கிருந்து வண்டியை நோக்கி நடங்கள். மாலையில் பேருந்து பிடிக்கும் பதற்றம் இருக்காது. பாதையை முடிக்க முடியவில்லை என்றாலும் ஆங்காங்கே கிராமச் சாலையில் ஏறி ஆட்டோ பிடிக்கலாம்.

25 கிலோமீட்டருக்கு மேல் வரும், ஒரே நாளில் முடிக்காதீர்கள். கும்டாவிலிருந்து கட்லே, பாடா, நிர்வாணா கடற்கரை, காகால் வழியாக அகநாசினி வரை முதல் நாள். அகநாசினி ஆற்றைப் படகில் கடந்து ததடி. அடுத்த நாள் பேலேகான், பாரடைஸ், ஹாஃப் மூன், ஓம், குட்லே, கோகர்ணம். நேரம் குறைவு என்றால் இரண்டாம் பாதியை மட்டும் நடங்கள், சுவை அதில்தான் அதிகம். படகு கடைசி நடை எத்தனை மணிக்கு என்று அன்று காலையே விசாரியுங்கள். வழியெங்கும் கன்னடத்தில் 'தாரி எல்லி?' (வழி எங்கே?) என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

கடற்கரைதானே, இதுல என்ன கஷ்டம்?

வெயிலும் பாறையும். மலைக்குச் சொன்ன அதே 3 லிட்டர் தண்ணீர் இங்கேயும் வேண்டும். வடக்கு நோக்கி நடப்பதால் பிற்பகல் முழுக்க இடப்பக்கம் கடலிலிருந்து வெயில் அடிக்கும். 6 முதல் 11 வரையும், 3-க்குப் பிறகும் நடந்து, நடுவில் நிழலில் படுத்துவிடுங்கள்.

கடற்கரைகளுக்கு நடுவே செம்புராங்கல் மேடுகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கடல் வற்றியிருக்கும்போது பாறை ஓரமாகவே சுற்றிவிடலாம் போலத் தெரியும். பாதி போனபின் நீர் ஏறினால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. நீர் ஏறவும் வற்றவும் ஏறக்குறைய 6 மணி நேரம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றம் அதிகம். பக்கத்துத் துறைமுகமான கார்வாரின் ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மேட்டின் மேலுள்ள ஒற்றையடிப் பாதையே சரி. பச்சைப் பாசி படிந்த பாறையில் எந்தக் காலணியும் நிற்காது. மேட்டின் விளிம்பிலும் நிற்காதீர்கள், செம்புராங்கல் பொலபொலவென்று உதிரும்.

தனியா நீந்தலாமா?

ஆள் இல்லாத ஹாஃப் மூன், பாரடைஸ் பக்கம் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்கும் கடல் இது. உயிர்காப்பாளர் இருக்கும் ஓம் அல்லது குட்லேயில், அவர் பார்வைக்குள் குளியுங்கள்.

அலை உடையாமல் நடுவே அமைதியாக ஒரு பட்டை தெரிந்தால் அங்கே குளிக்க வசதி என்று தோன்றும். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி அதுதான். அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தி எதிர்க்காமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வந்து, அலை உடையும் இடம் வழியாகத் திரும்புங்கள். முடியவில்லை என்றால் மிதந்துகொண்டு கையை உயர்த்துங்கள்.

பொண்ணுங்க தனியா போகலாமா? கடற்கரையில டென்ட் போடலாமா?

போகலாம், பலர் போகிறார்கள். குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டே எடுங்கள். முன்பதிவுக்கு முன் போனில் பேசுங்கள், வீட்டில் பெண்கள் எடுத்துப் பேசும் இடத்துக்கு முன்னுரிமை. பேலேகானுக்கும் ஓமுக்கும் இடைப்பட்ட காட்டுப்பாதையை மாலை 4-க்குள் கடந்துவிடுங்கள். பருவத்தில் பாரடைஸிலிருந்து படகும் கிடைக்கும். யாராவது கேட்டால் 'நண்பர்கள் முன்னால் போகிறார்கள்' என்று சொல்வதில் தவறில்லை.

கடற்கரையில் தனியாகக் கூடாரம் யாருக்குமே வேண்டாம். பௌர்ணமி ஓதம் மாலையில் காய்ந்து கிடந்த மணலையும் நனைக்கும். பை திருடுபோனால் சாவியும் போகும். பாடா, காகால் பக்கம் அறை கிடைக்கும்.

அடிபட்டா, பாம்பு கடிச்சா, கூட யாருமில்லாம என்ன செய்யறது?

கணுக்கால் சுளுக்கினால் முதலில் உட்காருங்கள். காலணியைக் கழற்றாதீர்கள், வீங்கினால் திரும்பப் போட முடியாது. காலணிக்கு மேலேயே கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றி, கழி ஊன்றி இறங்குங்கள். ஊன்றவே முடியாவிட்டால் பாதையை விட்டு விலகாமல் அங்கேயே இருந்து, நிமிடத்துக்கு 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள். பாதையை விட்டுக் குறுக்கு வழியில் இறங்கினால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்க மாட்டீர்கள்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கடிகாரம், காப்பைக் கழற்றுங்கள், கடிபட்ட கையைக் காலை அசைக்காமல் வையுங்கள், 108. பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமில்லை. தனியாக வண்டி ஓட்டி மருத்துவமனைக்குப் போகாதீர்கள். சில விஷங்களில் முதலில் கண்ணிமைதான் விழும்.

போன அன்னிக்கு மழை கொட்டி மலையை மூடிட்டா?

மாற்று மலையைத் தேடி ஓடாதீர்கள், பக்கத்து மலைக்கும் அதே மழைதான், அனுமதியும் தனி. ஒரு நாள் களசாவில் இருந்துவிட்டு, சாலை திறந்திருந்தால் கார்களா ஊருக்கு இறங்குங்கள். அங்கே 1432-இல் நிறுவிய 42 அடி பாகுபலி சிலை ஒற்றைக்கல்லில் நிற்கிறது. கொட்டிகெஹாராவிலிருந்து சார்மாடி மலைச்சாலையும் கீழே இறங்கும், ஆனால் பெருமழையில் மண் சரிந்து மூடப்படுவது அதற்குப் புதிதல்ல.

கடலோர நெடுஞ்சாலையிலும் மலையை வெட்டிய சரிவுகளுக்குக் கீழே மழையில் நிறுத்தாதீர்கள். 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே ஷிரூரில் சரிந்த மண், சாலையோர டீக்கடையையும் நிறுத்தியிருந்த வண்டிகளையும் கங்காவளி ஆற்றில் தள்ளியது. மழை வலுத்தால் ஊருக்குள் இருக்கும் பெட்ரோல் பங்க்கிலோ கோயில் வாசலிலோ நிறுத்தி, தாளை வைத்திருக்கும் ஆளுக்கு 'இன்று இங்கேயே' என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.